பிறந்த நாடு என்ற கட்டம்

வீட்டை ஒப்படைக்கப் பதினேழு நாள் இருக்கும்போதுதான் ஷிபான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"அண்ணன் இந்தியாவுலயா பொறந்தது?"

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஷிபானுக்கு ஒரு சின்னக் கடை. போட்டோ கொப்பி, பாஸ்போர்ட் படம், ஒன்லைன் விண்ணப்பம், ரீலோட் எல்லாம் அங்கே நடக்கும். அமெரிக்காவில் குடியேற விடும் கிரீன் கார்ட் லொத்தரில், அந்தக் குலுக்கலில், எங்களுக்குப் பெயர் விழுந்திருந்தது. அமெரிக்கத் தூதரக நேர்முகத்துக்கு வேண்டிய கடதாசிகளைப் பிரதி எடுக்கப் போயிருந்தேன். என் வீட்டுக்காரர் கிரிஷாந்தனின் பாஸ்போர்ட்டை மெஷினில் கவிழ்க்கப் போன ஷிபான், அதை மறுபடி நிமிர்த்திப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தான்.

"ஆமா, திருச்சி. அதுக்கென்ன இப்ப? பாஸ்போர்ட் சிலோன் பாஸ்போர்ட்தானே," என்றேன்.

அவன் மெஷினை நிறுத்தினான். பின்னால் நின்றவர்களை "கொஞ்சம் இருங்கோ" என்று சொல்லிவிட்டு, ஃபோனில் எதையோ தேடி என் முகத்துக்கு நேரே நீட்டினான். கிரீன் கார்ட் லொத்தருக்கு எந்தெந்த நாட்டுக்காரர் விண்ணப்பிக்க முடியாது என்ற பட்டியல். இந்தியாவும் அதில் இருந்தது.

"இது இந்தியாக்காரங்களுக்கு ஷிபான். நாங்க இலங்கைப் பிரஜை."

"அதுதான் இல்ல டீச்சர். பாஸ்போர்ட் எந்த நாடு எண்டது அவங்களுக்குக் கணக்கே இல்ல. எந்த மண்ணுல பொறந்த எண்டதுதான் கணக்கு. இந்தியால பொறந்த ஆள் எந்த நாட்டுப் பிரஜையா ஈந்தாலும் அவங்களுக்கு அவர் இந்தியாதான்."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். இந்தப் பிரஜாவுரிமைக்காக எங்கள் ஆட்கள் நாய் படாத பாடு பட்டிருக்கிறார்கள். என் மாமனார் அதற்காக அரசாங்கக் கச்சேரிப் படி ஏறி ஏறிச் செருப்புத் தேய்ந்தவர். என் வீட்டுக்காரருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தபோது இருபத்தைந்து வயது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, என் மாமி இன்றுவரை இரண்டுக்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டுகிறார். இப்போது ஒருத்தன் வந்து, அது கிடக்கட்டும், நீ எந்த ஊர் ஆஸ்பத்திரியில் முதலில் கத்தினாய் என்று கேட்டால் எரியுமா எரியாதா?

இவர் திருச்சியில் பிறந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், அவ்வளவுதான். மாமியின் தாய்வீடு தோட்டத்திலேயே இருந்திருந்தால் இவரும் தோட்டத்தில் பிறந்திருப்பார். ஆனால் அந்த வீட்டையே இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தம் என்ற பேரில் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். கல்யாணமாகி இங்கேயே நின்றுவிட்ட மாமி, ஏழு மாத வயிற்றோடு தலைமன்னாரில் கப்பலேறிப் போய், பிள்ளையைப் பெற்றெடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். எல்லாம் சேர்த்து ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்துக்கு நாற்பத்தைந்து வருடம் கழித்துத் தண்டனை என்றால் என்ன நியாயம்?

"டீச்சர் எங்க பொறந்தது?" என்று கேட்டான் ஷிபான்.

"நானா? பதுளை பெரியாஸ்பத்திரி."

அவன் முகம் தெளிந்தது. "அப்ப வழி ஈக்கு. பொஞ்சாதி பொறந்த நாட்டக் காட்டலாம். அண்ணன் இந்தியால பொறந்த, ஆனா பொஞ்சாதிட நாட்டக் காட்டி வாறார் எண்டு மொத ஃபோம்ல சொல்லியிருந்தாச் சரி. சட்டத்துலயே அப்புடி ஈக்கு."

"சொல்லியிருக்கா?"

ஷிபான் தலையைச் சொறிந்தான். அந்த முதல் விண்ணப்பத்தை அடித்தவன் அவன்தான். இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஒக்டோபர். எரிவாயுவும் பால்மாவும் இல்லாமல் ஊரே வெளியே ஓடப் பார்த்த நேரம். நான் பாடசாலையில் இருந்தேன். இவர் மட்டும் போய் அந்தக் கடையில் நின்று விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தார்.

"அந்த மாசம் மட்டும் நானூறு ஃபோம் அடிச்சிருப்பன் டீச்சர். அப்ப அண்ணன்ட்ட பாஸ்போர்ட்டும் இல்ல. வாயால கேட்டு கேட்டுத்தான் அடிச்ச. என்ன சொன்னாரோ அதுதான் உள்ள ஈக்கும். எனக்கு ஞாபகமே இல்ல, அல்லாட மேல ஆணையா."

"திருப்பிப் பாக்க ஏலாதா?"

"ஏலா. கையில வந்த கடதாசியில பேரும் நம்பரும் பொறந்த வருஷமும் மட்டும்தான் ஈக்கும்."

பெயர் விழுந்த பிறகு வந்த இரண்டாவது விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பினேன். அதில் பாஸ்போர்ட்டைப் பார்த்து இந்தியா, திருச்சி என்று ஒழுங்காகப் போட்டிருக்கிறேன். முதலாவதில் இலங்கை என்று இருந்தால் இரண்டும் மோதும். ஒன்று பொய் என்று ஆகிவிடும்.

"அப்படி இருந்தா என்ன செய்வாங்க?"

"அது ஆபீஸர்ட கையில," என்றான் ஷிபான். "டீச்சர் மொதல்ல அண்ணன்ட்ட கேளுங்கோ. அவருக்கு ஞாபகம் ஈக்கும்தானே."

எங்கள் தோட்டம் இருக்கும் ஹாலிஎலவுக்குப் பஸ் ஏறினேன். விசா இல்லையென்றால் மற்றவர்கள் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிப் போவார்கள். எங்களுக்கு அந்தப் பழைய வாழ்க்கை இல்லை. இவர் தோட்டத்து ஃபெக்டரியில் எலக்ட்ரீஷியன். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலையை விட்டால் சாவியையும் வைத்துவிட வேண்டும். நேர்முகத்துக்குத் தேதி வந்ததும் வேலையை எழுதிக் கொடுங்கள் என்று நச்சரித்தவள் நான்தான். விசா கைக்கு வரட்டும் என்று இவர் இழுத்தார். "தோட்டத்துத் துரை மூணு மாச நோட்டீஸ் கேப்பாரு. உங்களுக்காக ப்ளேன் காத்துக்கிட்டு நிக்குமா?" என்று கேட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய இடத்துக்கு ஆளும் எடுத்தாயிற்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமி பசறையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. என் டீச்சர் சம்பளம் வரும், சரி. சம்பளத்துக்குக் கீழே படுக்க முடியுமா?

வீட்டுக்குப் போனால் இவர் ஹோலில் ஸ்டூல் மேல் ஏறி, மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத பல்ப் ஹோல்டரை மாற்றிக்கொண்டிருந்தார். வீட்டை நல்லபடியாகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம்.

"ஷிபான் கடையில மொத ஃபோம் போட்டீங்களே, எங்க பொறந்தீங்கன்னு கேட்டானா?"

"கேட்டிருப்பான்."

"என்ன சொன்னீங்க?"

"கேட்டதுக்குச் சொன்னேன்."

"என்னன்னு?"

"சரியாத்தான் சொன்னேன் கம்சலா. மேல இருக்கேன், ஷொக் அடிக்கும், பேசாம இரு."

மெயினை அணைத்துவிட்டுத்தான் அவர் மேலே ஏறியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் 'சரியாத்தான்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அன்று இரவு சோறு இறங்கியது. மறுநாள் காலையில் அந்தச் சொல் பாதியாகிவிட்டது. சரி என்றால் எது சரி? இவருக்குச் சரி எது?

அதற்குப் பிறகு வந்த பத்து நாளும் நான் மனுஷியாக இல்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கை நின்றுவிடும். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பிறந்த இடத்தை எழுதும் படிவம் ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான் கேட்கும்போதெல்லாம் இவர் பாத்ரூமுக்குப் போனார், அல்லது ஃபெக்டரியிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றார். விரலை விட்டுத் தொண்டைக்குள்ளிருந்து எடுக்கவா முடியும்?

மாமியிடமும் ஒருநாள் கேட்டேன். "மாமி, இவரு திருச்சியில பொறந்தது ஊருல யாருக்கெல்லாம் தெரியும்?"

மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தி வாசல் பக்கம் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "அதெல்லாம் எதுக்குப் புள்ள இப்ப? யாராச்சும் கேட்டாங்களா?" என்றார்.

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்குற பேச்சா அது," என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமிக்கு நாங்கள் போவதில் வருத்தம், அதனால் சிடுசிடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை புது எலக்ட்ரீஷியன் இன்பாஸ், மனைவியோடு வீட்டைப் பார்க்க வந்தான். நல்ல பிள்ளைகள். அந்தப் பெண் கையோடு ஒரு அளவுநாடா கொண்டுவந்திருந்தாள். திரைச்சீலைக்காக ஜன்னலை அளந்தாள். குசினியில் நின்று, "அக்கா, இந்தச் சாமான் தட்டை எடுத்துட்டா ஃப்ரிட்ஜ் வெக்கலாம், இல்லையா?" என்று கேட்டாள்.

"நாங்க இன்னும் சாகலம்மா," என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. பாவம், அவள் என்ன செய்வாள்? தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துச் சமாளித்தேன். தேத்தண்ணியில் சீனி போட மறந்துவிட்டேன் என்பது அவர்கள் போன பிறகுதான் தெரிந்தது. அவர்களும் குடித்துவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

நேர்முகத்துக்கு முதல் நாள் காலை ரயிலில் கொழும்புக்குப் புறப்பட்டோம். மாமி வாசலில் நின்று திருநீறு பூசிவிட்டார். இவரைக் குனியச் சொல்லிக் காதில் ஏதோ சொன்னார். இவர் தலையாட்டினார். சாமி மந்திரமாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

ரயிலில் ஓட முடியாது, பாத்ரூமுக்கும் எத்தனை தடவைதான் போக முடியும்? பண்டாரவளை தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"சாமி மேல சத்தியமா சொல்லுங்க. என்ன சொன்னீங்க அன்னைக்கு?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அப்புத்தளை வந்து ரயில் நின்று, வடை விற்பவன் ஏறி இறங்கி, மறுபடி ரயில் புறப்பட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஹாலிஎலன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் காலுக்குக் கீழே ரயில் இல்லாதது போல இருந்தது. "ஏன்?"

"தெரியல. வாயில அதுதான் வந்துச்சு."

"தெரியலையா? படிச்ச மனுஷன் தானே நீங்க? திருச்சியில பொறந்தது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். ஆனா யாராச்சும் கேட்டா நான் ஹாலிஎலன்னுதான் சொல்வேன். பள்ளிக்கூடத்துல, ஃபெக்டரியில, எல்லா இடத்திலயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். திருச்சின்னு ஒருநாளும் வாயால சொன்னதில்ல. பத்திரத்துக்கு எழுதுனப்பகூட அப்பாதான் எழுதினாரு, நான் கையெழுத்து மட்டும் போட்டேன். பாஸ்போர்ட் ஃபோமையும் நீதானே நெரப்புன."

"எனக்குச் சொன்னீங்களே?"

"உனக்கும் நான் சொல்லல. கல்யாணத்துக்குப் பொறவு அந்த பேர்த் சேட்டிபிக்கட்டை நீயாத்தான் பெட்டியில பாத்த."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். பதினாறு வருடக் குடித்தனத்தில் அந்த ஊர்ப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் பெட்டி நிறைய ஆட்கள். பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். நடந்தது நடந்துவிட்டது. இனிச் செய்யக்கூடியது ஒன்றுதான். ஆபீஸர் கேட்பதற்கு முன்னாலேயே உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். நான் பிறந்தது இந்தியாவில், முதல் விண்ணப்பத்தில் தவறு நடந்துவிட்டது, என் மனைவி பிறந்தது பதுளையில், அவளுடைய நாட்டைக் காட்டித்தான் வருகிறேன். பொய் சொன்னவனைவிடத் தவறை ஒத்துக்கொண்டவனுக்கு ஒரு வழி இருக்காதா?

"நான்தான் ஆபீஸர்," என்றேன். "நீங்க எங்க பிறந்தீங்க?"

"கம்சலா, ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். எங்க பிறந்தீங்க?"

"திருச்சி."

"காதுல விழல."

"திருச்சி."

நானுஓயா வரைக்கும் கேட்டேன். தலவாக்கலை வரைக்கும் கேட்டேன். எதிர் இருக்கையில் இருந்த சிங்கள அம்மா, பரீட்சைக்குப் படிப்பிக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே இவருக்கு ஒரு தோடம்பழம் கொடுத்தார். ஹட்டன் வரும்போது இவர் தடங்கல் இல்லாமல் சொன்னார். கேட்காமலே இரண்டு தடவை சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. அன்று கொட்டாஞ்சேனையில் என் சித்தி மகள் வீட்டில் படுத்தோம். காலையில் பல் துலக்கும்போதும் கேட்டேன். "திருச்சி" என்றார், நுரையோடு.

தூதரகத்தில் எல்லாம் வரிசை, எல்லாம் நம்பர். ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்கள் நம்பர் வருவதற்கு இரண்டு மணித்தியாலம் ஆனது. எனக்கு முன்னால் இருந்த குடும்பம் சிரித்துக்கொண்டு வெளியே போனது. அதற்கு முன்னால் ஒரு பெண் அழுதுகொண்டு போனாள். நான் இரண்டையும் எண்ணி, இனி எங்களுக்கு எது வரும் என்று பைத்தியம்போலக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார ஆபீஸர், என்னைவிட வயது குறைவாக இருக்கும். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்க்க ஒரு பெண். வலது கையைத் தூக்கி உண்மையே சொல்வோம் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தோம். முதலில் என்னைக் கேட்டார்கள். பெயர், பிறந்த இடம், கல்யாணத் தேதி. பதுளை என்று நான் சொன்னதை ஆபீஸர் தட்டிக்கொண்டார். பதுளை என்ற சொல்லுக்கு இப்படி ஒரு பெறுமதி இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இப்போது இவர் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். நான் முழங்கையால் இடித்தேன். இவர் வாய் திறக்கும் முன்னமே ஆபீஸர் ஏதோ கேட்டார். அந்தப் பெண் கண்ணாடி வழியாக, நல்ல மரியாதையான தமிழில், "நீங்கள் எங்கே பிறந்தீர்கள்?" என்றார்.

இவர் நிமிர்ந்து நின்றார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"ஹாலிஎல," என்றார்.

நான் சத்தமாகவே "ஐயோ" என்றேன். ஆபீஸர் என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார், பிறகு பாஸ்போர்ட்டை எடுத்துத் திருப்பி அந்தப் பக்கத்தைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். திருச்சிராப்பள்ளி என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"சார், அவர் பயத்துல சொல்றாரு. நாங்க உள்ளதைச் சொல்லத்தான் வந்தோம்," என்று நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி, கணவரே பதில் சொல்லட்டும் என்றார். இன்னொரு தடவை கேட்டார்கள். இவருக்கு வேர்த்து ஊற்றியது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது தடவைதான், தலையைக் குனிந்துகொண்டு, "திருச்சி" என்றார். அதற்குள் ஆபீஸர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. கோபப்படவும் இல்லை. மொழிபெயர்த்த பெண் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். முதல் விண்ணப்பத்தில் பிறந்த நாடு இலங்கை என்று இருக்கிறது. இப்போது சத்தியத்தின் பேரிலும் அதையே சொன்னீர்கள். பாஸ்போர்ட் வேறு சொல்கிறது. இந்த விசாவைத் தர முடியாது. பிறகு ஆபீஸர் எதையோ சேர்த்துச் சொன்னார், அந்தப் பெண் ஒரு கணம் தயங்கிவிட்டு அதையும் மொழிபெயர்த்தார்.

"ஆரம்பத்திலேயே இந்தியா என்று எழுதி, மனைவி பிறந்த நாட்டைக் காட்டியிருந்தால், உங்களுக்குத் தகுதி இருந்தது என்கிறார்."

அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பினோம். கொழும்பிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. பெரகலையில் பஸ் நின்றபோது இவர் இறங்கிப் போய் எனக்குப் பிளேன்டீ வாங்கி வந்தார். வாங்கிக்கொண்டு, "நாக்குல சனி," என்றேன். அவர் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். அது எனக்கு இன்னும் எரிந்தது. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை.

வீட்டுக்குப் போகும்போது பின்நேரம் நாலு மணி. ஹோலில் மாமியின் துணிமூட்டைகள் இரண்டு கட்டி வைத்திருந்தன. மாமி எங்கள் முகத்தைப் பார்த்தார். விசா கிடைத்ததா என்று கேட்கவில்லை. மகனைத்தான் கேட்டார்.

"எங்க பொறந்தேன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்கம்மா."

"நீ என்ன சொன்ன?"

"ஹாலிஎலன்னு சொன்னேன்."

மாமி நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். "நல்ல புள்ள. போகும்போது காதுல சொன்னேனே, மறந்துருவியோன்னு ரெண்டு நாளா எனக்குத் தூக்கமில்ல."

காதில் சொன்னது மந்திரம் இல்லை, இதுதான். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"நல்ல புள்ளயா? அந்த ஒரு சொல்லாலதான் விசா போச்சு மாமி! திருச்சின்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பாங்க. அவங்களே சொன்னாங்க. உங்க மகனுக்கு வேலையும் இல்ல, வீடும் இல்ல. இப்ப நல்ல புள்ளயாம்!"

"திருச்சின்னு சொன்னா குடுப்பாங்களா?" மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். "யாரு புள்ள உனக்குச் சொன்னது? திருச்சின்னு சொன்னா என்ன குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

"இப்ப அந்தக் காலம் இல்ல மாமி."

"அப்பவும் அந்தக் காலம் இல்லன்னுதான் சொன்னாங்க." மாமி மூட்டைமேல் உட்கார்ந்தார். "எண்பத்தி மூணு தை மாசம். அப்ப நாங்க லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல இருந்தோம். பக்கத்துக் காம்பரா செல்லாயிக்கும் தலைப்பிரசவம் அக்கரையில, திருச்சியிலதான். அவ மகன் கந்தப்பனும் இவனும் ஒரே வயசு, ஒண்ணாத்தான் வெளயாடுவானுங்க. இந்தியாவுக்குப் போக வேண்டியவங்களப் புடிக்க பொலிஸ் ஜீப்பு வரும். பெரியவங்கள மட்டும் கேக்க மாட்டானுங்க. புள்ளைங்களையும் கூப்புட்டு, தம்பி நீ எங்க பொறந்தன்னு சிரிச்சிக்கிட்டே கேப்பானுங்க. கந்தப்பன் திருச்சின்னு சொல்லிட்டான். புள்ளதானே, உள்ளதச் சொன்னான். மூணாம் நாளு லொறி வந்துச்சு. செல்லாயி அடுப்புல உலை வெச்சது வெச்சபடி. அவ எங்க இருக்கா, என்ன ஆனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

இவர் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்குக் கந்தப்பனே ஞாபகம் இல்லையேம்மா," என்றார்.

"ஒனக்கு எப்படி இருக்கும். அடுத்தது நம்ம லயம்னு சொல்லிக்கிட்டாங்க. நானும் உன்கிட்ட ஹாலிஎலன்னு சொல்லு, ஹாலிஎலன்னு சொல்லுன்னு தலையால தண்ணி குடிச்சேன். நீ திருச்சி திருச்சின்னு கத்திக்கிட்டு ஓடுவ. திருச்சியில இருக்குற உன் ஆயி வீட்டுக் கதையெல்லாம் சொல்லிச் சொல்லி வளத்தது நான்தானே. அந்தப் பேரு உனக்கு அவ்வளவு ஆசை."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

"மறுநாள் ஜீப்பு வருதுன்னு தெரிஞ்சிச்சு," என்றார் மாமி. "கரண்டியை அடுப்புல காய்ச்சி இவன் வாயில வெச்சேன்."

இவருடைய கீழுதட்டுக்கு ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. சின்ன வயதில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் விழுந்தது என்று கல்யாணமான புதிதில் சொன்னார். அவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"நாலு வயசு," என்றார் மாமி. "அதுக்கப்புறம் அவன் தப்பாச் சொன்னதே இல்ல."